ஒன்றரைதான் கூட

யூன் 11, புதன்

காலையிலிருந்து மழை. இங்கே வெள்ளவத்தையில் வெப்பநிலை 28 செல்சியஸ். மனைவி சுகந்தி இருக்கும் ஒஹாயோவில் 66 பரனைட், அதாவது 18.9. மகளின் பிரசவத்துக்கென்று அவள் போய் இரண்டு மாதமாகிறது. அந்த ஊர்க் காலநிலையைத் தினமும் பார்த்துச் செல்சியஸுக்கு மாற்றி எழுதுவதால் ஒருவருக்கும் பயனில்லை. எழுதுகிறேன்.

இரத்மலானை மருந்துக் களஞ்சியத்துக்குப் புதிய குளிரூட்டி, தடுப்பூசி வைப்பதற்கு. அதன் அளவுகளைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவது என் வேலை. அமெரிக்கத் தயாரிப்பு, முகப்பில் பரனைட். என் உதவியாளர் ரணவீர மாற்று அட்டவணை தயாரித்து ஒட்டியிருந்தார். 2 முதல் 8 செல்சியஸ் = 35.6 முதல் 46.4. சரி. அதன் கீழே: அனுமதிக்கப்படும் ஏற்ற இறக்கம் 1 பாகை = 33.8. கிழித்தெடுத்தேன்.

"சேர், போர்முலா போட்டதுதானே?"

போட்டதுதான் பிழை. வெப்பநிலையை மாற்றினால் 32 கூட்ட வேண்டும். வித்தியாசத்தை மாற்றினால் 1.8ஆல் பெருக்குவதோடு சரி, விடை 1.8. முப்பத்துமூன்று பாகை ஏறி இறங்கினால் அது குளிரூட்டியல்ல, பேக்கரி என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை, கண்களுக்குப் பின்னால் வலி தொடங்கியிருந்தது.

மாலை, வீட்டில்: 38.5.

சுகந்தியின் அழைப்பு. குரலிலேயே பிடித்துவிட்டாள்.

"காய்ச்சலோ? எவ்வளவு கூட?"

"ஒன்றரைதான் கூட."

"அப்ப நூறுதானே. அதுக்குப் பனடோல் காணும். இஞ்ச பிள்ளைக்குக் கால் எல்லாம் வீங்கிப்போச்சு..."

இந்த வீட்டில் காய்ச்சல் பரனைட்டில்தான். அது அவள் சட்டம். மற்ற எல்லாம் செல்சியஸ். அது என் சட்டம். நான் சொன்ன ஒன்றரை, 37க்கு மேல், செல்சியஸில். அவள் கணக்கில் அது 2.7, காய்ச்சல் நூற்றொன்றுக்கும் மேல். சொன்ன எண்ணில் பிழையில்லை, அலகை மட்டும் விட்டுவிட்டேன். என் மேசைக்கு அப்படியோர் எண் வந்தால் கையொப்பமிடாமல் திருப்பியனுப்புவேன்.

உள்ளதைச் சொன்னால் மகளை விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாள். ஆகையால் இதுவே முறை. ஆனாலும் "எந்த ஒன்றரை?" என்று கேட்பாளென்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மகளின் வீங்கிய காலைப் பற்றியே கதைத்தாள்.

யூன் 12, வியாழன்

38.9. வேலைக்குப் போகவில்லை. கடைப் பாண், பாலில்லாத பிளேன்ரீ. பாண் இறங்கவில்லை. ஒஹாயோ 71 (21.7), வெயில்.

தண்ணீர்ப் போத்தல் வாங்கக் கீழே இறங்கினேன். முதல் மாடி ஹாஜியார் படியில் மறித்தார். காலி வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர்.

"என்ன தேமாமீட்டர் தொர, வேலக்கிப் போகல்லயா? கண் ரெண்டும் செவந்து ஈக்கி."

"சிறிய ஓய்வு, ஹாஜியார்."

"ஒத்தயாக் கெடக்காம ஊட்டுக்கு வாங்க. கஞ்சி ஈக்கி."

நன்றி சொல்லி மறுத்தேன்.

"உங்களுக்குக் கஞ்சி குடுக்கவும் லெட்டர் போடோணும் போல!"

மேலே வந்து கதவைப் பூட்டியபின்தான் பசித்தது. ஒருமுறை மறுத்துவிட்டுத் திரும்பப் போய்த் தட்டுவது எப்படி?

சுகந்தியிடம்: "அப்படியேதான் இருக்கு." இதற்கு எந்த அலகும் தேவைப்படவில்லை.

யூன் 13, வெள்ளி

மூன்றாம் நாள். இரத்தப் பரிசோதனை. டெங்கு. பிளேட்லெட் 132,000. வைத்தியர் இளம் பெண், யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"இனித்தான் கவனம். தலை சுத்தினால், சத்தி எடுத்தால் யோசிக்க வேண்டாம், உடன ஆஸ்பத்திரி வாட்டுக்கு வாங்கோ. பிந்தினால் ஆளே போயிடும். வீட்டில ஆர் இருக்கினம்?"

"மனைவி."

"அவவிட்டச் சொல்லி நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா காய்ச்சல் பாருங்கோ."

மனைவி இருக்கிறாள் என்பது உண்மை. இருக்கும் இடத்தை அவர் கேட்கவில்லை. சரியானதைச் சொல்லி மறைத்தது இது இரண்டாவது தடவை.

நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். பார்த்ததை ஆளில்லாத வீட்டில் வாய்விட்டும் சொல்கிறேன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது.

யூன் 14, சனி

பிளேட்லெட் 104,000, இன்னும் இறங்கியிருக்கிறது. நாளையும் வரச் சொன்னார்கள். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல். கரையோர ரயில் போகும்போது கட்டில் நடுங்குகிறதா, நான் நடுங்குகிறேனா தெரியவில்லை.

ஒஹாயோ பார்க்கவில்லை.

யூன் 15, ஞாயிறு

39.2. குளியலறையில் தலை சுற்றி, வாளிக்குப் பக்கத்தில் தரையில் சரிந்துவிட்டேன். சுவரைப் பிடித்துக் கட்டில் வரைக்கும் வந்தேன். வைத்தியர் சொன்னது இதைத்தான். இனி யோசிக்க வேண்டாம். ஆனால் எழுந்து மூன்று மாடி இறங்க முடியாது. ஹாஜியாரின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இல்லை. இத்தனை வருடமாகக் கேட்டு வாங்கவில்லை.

அப்போது சுகந்தியின் அழைப்பு வந்தது. அங்கே இன்னும் சனி இரவு.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்கு நோ துவங்கீட்டுது. ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுறம். உங்களுக்குக் காய்ச்சல் விட்டிட்டுதுதானே?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நூற்றிரண்டரை."

"என்ன?"

"பரனைட்." சரியாக 102.56. சுருக்கிச் சொன்னேன்.

இந்தக் காய்ச்சலில் அவள் கணக்கில் நான் ஓர் எண்ணைச் சொன்னது இதுவே முதல் தடவை. பயந்துவிட்டாள் என்பது மூச்சில் கேட்டது.

"ஒண்டரைதான் கூட எண்டு சொன்னியளே!"

"அது செல்சியஸ். டெங்கு. இப்ப தலை சுத்தி விழுந்தனான்."

"உங்கட கணக்கைக் கொண்டுபோய்க் கடலுக்க போடுங்கோ! ஆர் பக்கத்தில?"

"ஒருத்தரும் இல்லை. நீர் பிள்ளையைப் பாரும்."

"ரெண்டு பேரையும் எனக்குப் பாக்கத் தெரியும். போனை வையாதேங்கோ. மருமகன்ர போனில ஹாஜியாற்ற மனுசிக்கு அடிக்கிறன்."

அவளிடம் இலக்கம் இருந்திருக்கிறது.

எழுதுவது எதற்கென்றால், கண்ணை மூடினால் அறை சுற்றுகிறது. தொலைபேசி தலையணையில். அங்கே கார்க் கதவு அறைகிறது. மகள் முனகுகிறாள். மருமகன் ஆங்கிலத்தில் வழி கேட்கிறான்.

"இருக்கிறியளோ?"

"ஓம்."

மகளிடம் ஏதோ சொல்கிறாள், மூச்சை மெல்ல விடும்படி. நானும் விட்டுப் பார்க்கிறேன்.

"இருக்கிறியளோ?"

"ஓம்."

கீழே ஓட்டோ வந்து நிற்கிறது. ஹாஜியார் சிங்களத்தில் சாரதியை ஏசுகிறார். கதவு உள்ளே பூட்டியிருக்கிறது, எழுந்து திறக்க வேண்டும்.

"இஞ்சருங்கோ, இருக்கிறியளோ?"

"இருக்கிறன். கொஞ்சம் பொறும், கதவைத் திறந்திட்டு வாறன்."