காலியாகக் காட்டிய ஃபோல்டர்

3-9-2025, புதன்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் கல்யாணப் புடவை டிசைன் ஃபோல்டர் காலி. ஆறு வருஷமாக நான் வரைந்த நூற்றுப் பன்னிரண்டு டிசைன். ஒன்றுகூட இல்லை. மூடித் திறந்தேன், அணைத்துப் போட்டேன். வெள்ளையாக இளிக்கிறது.

வேறு யார்? தமிழ்வாணன்தான். நாலு வருஷம் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவன், நேற்றுதான் சண்டை போட்டுக்கொண்டு சந்திரமோகன் பட்டுக்கடைக்கு வேலைக்குப் போனான். அவன் போட்ட மயில் பார்டரை நான் போட்டதாக முதலாளி சொல்லிவிட்டாராம். நான் ஏன் வாயைத் திறக்கவில்லையாம். போகும்போது, "இனிமே எல்லாம் நீங்களே பாத்துக்குங்கக்கா" என்றான். அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. பாவி.

4-9

முதலாளி ஜெகநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஐப்பசி முகூர்த்தப் புடவைகளுக்கு இந்த மாதமே டிசைன் குத்திய அட்டை தறியில் ஏற வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்றேன். வெளியாளை டிசைன் ரூமுக்குள் விட்டால் நாளைக்கே நம் புடவை ஊர் முழுக்க ஓடும் என்றார். நியாயம்தான். ஆரணியில் யார் விடுகிறார்கள்?

5-9

தமிழ்வாணன் இரண்டு தடவை போன் செய்தான். எடுப்பேனா? பிளாக் பண்ணினேன். என் ஆறு வருஷத்தை அழிச்சிட்டு என்னத்த பேசப்போறான்? விட மாட்டேன் அவன.

7-9

சந்திரமோகனின் மனைவி ரேணுகாம்பாளைக் கல்யாண மண்டபத்தில் பிடித்தேன். "எங்கள அழிச்சிட்டு வந்தவன் உங்கள மட்டும் வுடுவானா?" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. அந்தம்மா முகம் மாறிவிட்டது.

9-9

தமிழ்வாணனை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்களாம்! வயிறு குளிர்ந்தது. போதுமா? போதாது. தெரிந்த எல்லா டிசைன் ரூமுக்கும் போன் போட்டுச் சொன்னேன். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஆரணியை விட்டே பெரணமல்லூருக்குப் போய்விட்டானாம். போகட்டும். அங்கேயும் யாரும் அவனைக் கம்ப்யூட்டரைத் தொட விடக்கூடாது.

12-9

தறிக்கு அட்டை அடித்துத் தரும் துரை அண்ணனிடம் போனேன். ஃபோல்டர் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"என் பென் டிரைவுல வைரஸும்மா. அழிக்கல, மறைச்சி வச்சிருக்குது. சந்திரமோகன் கடையிலயும் காலின்னுதான் காட்டுச்சி. தமிழ்வாணன்தான் கண்டுபுடிச்சி எடுத்தான். ஒனக்கும் சொல்லணும்னு போன் போட்டுகினே இருந்தானே?"

அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மறைந்த ஃபைலைக் காட்ட அவர் சொன்ன இடத்தில் டிக் போட்டேன். நூற்றுப் பன்னிரண்டும் மங்கலாக வந்து நின்றன.

அட்டைக்கு டிசைன் ஏற்றித் தர, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் பென் டிரைவை இதில் சொருகியது நான். நானேதான்.

முதலாளியிடம் சொல்ல எழுந்தேன். கதவுவரை போனேன். சொன்னால் — அப்புறம் ஊரில் என் முகத்தை யார் பார்ப்பார்கள்? அவனைக் கூப்பிடச் சொல்வார். அவன் எதிரில் நான் நிற்கணும். முடியாது. என்னால முடியாது.

திரும்பி வந்து டிக்கை எடுத்தேன். மறுபடியும் காலி.

19-9

நாளுக்கு ஒன்றாக ஆறு டிசைன் கொடுத்துவிட்டேன். எல்லாம் ஞாபகத்திலிருந்து வரைந்தது என்று சொல்லித்தான். இன்று முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, "அந்தத் திருட்டுப் பய அழிச்சா என்னா? சுகன்யா மண்டையில இருக்குது எல்லாம்" என்றார். கைதட்டினார்கள்.

ஒரேயடியாகக் கொடுத்தால் சந்தேகம் வரும். இன்னும் நூற்று ஆறு இருக்கிறது.