இரண்டாவது சரணம்

இன்று காலை காரை ஏற்றிப்போக லொறி வந்தது. எஞ்சின் இனிச் சரிவராது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டான். சாமான்களை ஒதுக்கும்போதுதான் கவனித்தேன், உன் சீடி இன்னும் பிளேயருக்குள் சிக்கிக் கிடக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வெளியே வராது. உன்னைப் போலவே பிடிவாதம்.

நாம் இருந்த டண்டினொங் புறநகரில் ஒரு பழைய சாமான் கடையில் நீ பொறுக்கியது அது. யாருக்கும் அடங்காதவர்கள் என்று பெயரெடுத்த நான்கு அமெரிக்கக் கண்ட்ரி இசைப் பாடகர்கள், தனித்தனியே பாடிக் களைத்த வயதில் ஒன்றுகூடிப் பாடியது. முதல் பாட்டில் ஆளுக்கொரு சரணம். டயர்க் கிடங்கு வேலைக்கு ஒரே காரில் போன நாமும் நான்கு பேர். நீ உடனே பங்கு பிரித்துவிட்டாய். முதலாவது மோகனுக்கு, இரண்டாவது உனக்கு, மூன்றாவது சிவாவுக்கு, கடைசி எனக்கு. ஒருவன் பங்கை மற்றவன் பாடக்கூடாது என்பது உன் சட்டம். லீவில் நின்றவனின் சரணம் வந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்போம்.

மோகன் கனடா போனான். சிவா சிட்னிக்குக் குடிபெயர்ந்தான். அதன்பின் பாதிப் பாட்டு நம் குரல் இல்லாமலே ஓடியது.

உன் தொண்டை ஒப்பரேசனுக்கு முதல்நாள், ஆஸ்பத்திரி கார் பார்க்கில் வைத்துச் சொன்னாய்: "இனி என்ர பங்கையும் நீ பாடு மச்சான்."

"சட்டம் சட்டம்தான். சுகமாகி வந்து நீயே பாடு," என்றேன்.

நீ சத்தமாகச் சிரித்தாய். அந்தச் சத்தத்தைப் பிறகு நான் கேட்கவில்லை.

எட்டு மாதம் என் பக்கத்து சீட்டில் குரலில்லாமல் வந்தாய். உன் சரணம் தொடங்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பாய். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பாடினால், உன் குரல் இனி வராது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். நீ கேட்டது ஒரே ஒரு சரணம். அதைக்கூடத் தராமல் உன்னை அனுப்பிவிட்டேன். மன்னித்துக்கொள்.

லொறிக்காரனிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். எஞ்சின் செத்தாலும் பற்றரியில் உயிர் இருந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டைப் போட்டேன். மோகனின் சரணம் முடியும்வரை காத்திருந்தேன். உன்னுடையதைப் பாடினேன், சுருதி சேராமல், ஒரு வரி விடாமல். சிவாவினுடையதும் போனது. என்னுடையது வந்தபோது வாய் திறக்கவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

கார் போய்விட்டது, சீடியும் அதோடு போய்விட்டது. உன் சரணம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, மச்சான். இனி என் பங்கையும் நீ பாடு என்று சொல்லத்தான் எனக்குப் பக்கத்தில் ஆளில்லை.