பன்னிரண்டாவது ரவிக்கைத் துணி

என் அன்பு லூர்து,

உன் ஓராண்டு நினைவுப் பூசை முடிந்ததும் உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். ஒன்றும் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன். இதுவும் சரியாக வருமா, தெரியவில்லை.

நான் இன்னும் அழவில்லை. கோபித்துக்கொள்வாயா? மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நம் அறையைப் பூட்டிவிட்டு ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறேன்.

நம் மகள் செலின் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழம வாரேன்ப்பா. அதுக்குள்ள அந்த ரூம்ல படுக்கலேன்னா, வீட்டப் பூட்டிட்டு எங்கூடக் கோயம்புத்தூர் கெளம்புறீங்க. பேச்சே கெடையாது." நான் "சரிம்மா" என்றேன். எதற்குச் சரி என்றேன்? எனக்கு இந்த ஊரை விட்டுப் போக விருப்பமில்லை.

அறையைத் திறந்தேன். நான்கு சுவரும் வெள்ளை. "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குங்க, கொஞ்சம் கலர் அடிச்சாத்தான் என்ன?" என்று எத்தனை முறை கேட்டிருப்பாய். வெள்ளைதான் சுத்தம் என்பேன். கடைசியில் உன்னை வார்டிலேயே பார்த்தேன். அங்கேயும் இதே வெள்ளை. கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். விசேஷ வீடுகளில் தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துணிகள் பன்னிரண்டு, தைக்காமல் கிடந்தன. பழைய சேலைப்பெட்டி அட்டைகளை ஓரடிச் சதுரமாக நறுக்கினேன். மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, துணியை அளவாக நறுக்கி, இழுத்து ஒட்டினேன். கோணாமல் நேர் பார்க்க அறைச் சாவியை நூலில் கட்டித் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டு, பென்சிலால் கோடு போட்டு, அட்டை தீரும்வரை பதினொன்றை மாட்டினேன். மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை. நன்றாக இருக்கிறதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஜமீலா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனக் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"யா அல்லா! இந்தப் பச்ச நாங் குடுத்ததுல்ல சார்? லூர்தக்கா தச்சுப் போட்டுருக்கும்னுல்ல நெனச்சேன்!"

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன்.

"அட போங்க சார். அக்கா குடுத்தத நானும் நாத்தனா தலையிலதான் கட்டுனேன். ஊருல அம்புட்டுப் பேரும் அப்படித்தான்." சிரித்துக்கொண்டே சுவரை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

மற்றவை யார் யார் கொடுத்தவை என்று யோசித்தபோதுதான் என் தவறு புரிந்தது. துணி மடிப்புகளில் இருந்த துண்டுச் சீட்டுகளை, கடைக்காரர் வைத்தது என்று எண்ணி, படிக்காமல் ஒதுக்கியிருந்தேன். எடுத்துப் பார்த்தால் உன் கையெழுத்து. "ஜமீலா கொடுத்தது." "மேட்டுப்பட்டி அத்தை கொடுத்தது." கொடுத்தவருக்கே துணி திரும்பிப் போய்விடக் கூடாது என்று குறித்து வைத்திருக்கிறாய்.

பன்னிரண்டாவது துணியை நான் அதுவரை பிரித்திருக்கவில்லை. மாம்பழ நிறம். அதற்குள்ளும் ஒரு சீட்டு.

"இவர் வாங்கியது. யாருக்கும் கொடுக்கக் கூடாது."

நான் எப்போது வாங்கினேன், லூர்து? எந்தக் கடையில்? நெடுநேரம் யோசித்தேன். நினைவு வரவேயில்லை.

அதை நறுக்கவில்லை, ஒட்டவில்லை. தலைமாட்டுச் சுவரில் முழுதாக, இரண்டு ஆணியில் தொங்குகிறது. கோணலாகத்தான் இருக்கிறது. சாவியைத் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை.

இதை எழுதி முடித்ததும், இந்த மதியமே அதன் கீழே போய்ப் படுக்கிறேன். செலின் வந்து கேட்டாலும் அந்தத் துணியைக் கொடுக்க மாட்டேன். இது உறுதி.

உன் சீட்டில் உள்ள "இவர்",
உன் வீட்டுக்காரன்
ஞானப்பிரகாசம்