என் ராஜா சாதியை விட்ட மதியம்

என் சாமு மச்சானுக்கு,

போன ஞாயிறு படாளத்தில் உன் வீட்டில் இருந்தேன். உன் தங்கச்சி மெர்சிதான் போன் செய்து, "அண்ணா, அவன் கேமை ஒரு தபா என்கூட ஆடுங்க" என்றாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் மாறி, வந்து சேர்வதற்குள் மதியமாகிவிட்டது.

கம்ப்யூட்டரில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து ராஜாக்களாக ஆடிய அதே ஆட்டம். ஒருமுறை கெட்டால் கெட்டதுதான், பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. நீ ஒரு சிற்றரசனை எடுத்தாய். அவன் பெயருக்குப் பக்கத்தில் கடைசி வருணத்தின் சின்னம் இருந்தது. முதல் வேலையாக அவனைப் பௌத்தனாக்கினாய். நான் எடுத்தது உசந்த குலத்து இந்து ராஜா. சமண ராஜாவை எடு, குடிகள் கலகம் செய்யமாட்டார்கள் என்று நீ சொல்லியும் கேட்கவில்லை. உசந்த குலத்துக்குக் கிடைக்கும் கூடுதல் மரியாதைதான் எனக்கு வேண்டியிருந்தது.

"உன் ராஜாவையும் மாத்து மச்சான். அப்பதான் ஆடுவேன்" என்றாய்.

"இன்னாடா பேஜாரு பண்ற? கேம்தானே!"

"உனக்குக் கேமு" என்று சொல்லி லேப்டாப்பை மூடினாய். மூன்று வாரம் பேச்சில்லை. காய்ச்சல் என்று நீ செய்தி அனுப்பியபோதுகூட, ராசியாவதற்காக நடிக்கிறான் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். பாவி நான். நான்காம் நாள் நீ இல்லை.

போன ஞாயிறு மெர்சி உன் லேப்டாப்போடு உன் இடத்தில் உட்கார்ந்தாள்; நான் என்னுடையதைத் திறந்தேன், நீ விட்ட இடத்திலிருந்தே ஆட்டம் தொடர்ந்தது. உன் ராஜாவுக்கு அறுபத்தொரு வயது, படுத்த படுக்கை. வாரிசு ஐந்து வயதுப் பெண் குழந்தை. வடக்கு எல்லையில் எதிரிப் படை சேர்ந்துகொண்டே இருந்தது.

"ராஜா சாகப்போறாருண்ணா. அப்புறம் நாடே பூடும். உங்க ராஜாவோட பையனுக்கு நம்ம பொண்ணைப் பேசிட்டா உங்க படை வரும்ல?"

அடுப்படியிலிருந்து உன் அம்மா ஓடிவந்தார். "யாருடி சாவப்போறது?"

"கேம்லம்மா."

அம்மா திரும்பிப் போகவில்லை. கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

மெர்சி சம்பந்தம் கேட்டு ஓலை அனுப்பினாள். நான் எதையும் அழுத்துவதற்கு முன்பே, ஆட்டம் தானாக அனுப்பிய என் அரசவையின் பதில் அவள் திரையில் வந்தது. வாய்விட்டுப் படித்தாள். "மறுப்பு. காரணம், பெண் வீட்டார் தாழ்ந்த குலம்." உன் ராஜா பௌத்தனான பிறகும் என் ஆட்கள் உன் குலத்தை மறக்கவில்லை. அம்மாவுக்கும் அது கேட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒரே வழிதான். நானும் பௌத்தனாகிவிட்டால் அரசவை குலம் பார்க்காது. ஆனால் மாறினால் என் பிரபுக்கள் கலகம் செய்வார்கள் என்று எச்சரிக்கை வந்தது. ஆட்டத்தில் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. உன் ராஜாவுக்கு மூச்சுத் திணறல் என்று அறிவிப்பு. மதம் மாற்றும் பொத்தானுக்குப் போனேன் மச்சான். அழுத்திவிட்டேன்.

சம்பந்தம் முடிந்தது. அடுத்த மாதமே உன் ராஜா இறந்தான். என் படை உன் கோட்டையைக் காத்து நிற்க, உன் குட்டிப் பெண் அரியணை ஏறினாள். என் நாட்டில் பாதி கலகத்தில் போய்விட்டது.

மெர்சி குதிப்பாள் என்று பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கிளிக்குதானேண்ணா. அவன் இருக்கசொல்லவே பண்ணியிருக்கலாம்ல?"

லேப்டாப்பை மூடி வைத்தேன்.

அம்மா சோறு போட்டார். முதல் கவளத்திலேயே ஒன்று உறைத்தது. இந்த வீட்டில் எத்தனை ஞாயிறு சாப்பிட்டிருக்கிறேன்! ஐந்து வருஷத்தில் எங்கள் மீனவக் குப்பத்து வீட்டுக்கு உன்னை ஒருநாள்கூடச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. நீயும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை சாமு? எங்கள் வீட்டில் சாதி பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியும், அதனால்தானே?

வருகிற ஞாயிறு உன் அம்மாவும் மெர்சியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். வீட்டில் சொல்லிவிட்டேன். நைனா இரண்டு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. "தெருவுல இன்னா சொல்லுவாங்கோ?" என்று என் அம்மா அழுகிறாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். நைனா எழுந்து போனாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். சத்தியம்.

காலம் போனபின் புத்தி வந்த
உன் மச்சான்,
கதிர்