ஏழாவது படியில் ஓர் எழுத்து

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
தை 12

அன்புள்ள சிவதர்ஷன் அண்ணாவுக்கு,

கனடாக் குளிரில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். இரண்டு கிழமையாக உங்கள் அழைப்பை எடுக்காமல் விட்டேன். தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கார்த்திகைக் கடைசி மழையில் வாவி நிறைந்து எங்கள் சங்க அலுவலகத்துக்குள் முழங்கால் தண்ணீர். நீங்கள் லினக்ஸ் போட்டுத் தந்த இரண்டு கணினிகளில், மேசைக்குக் கீழே இருந்தது மூழ்கிவிட்டது. காணாமல்போன பிள்ளைகளைத் தேடும் நாற்பத்தொரு தாய்மாரின் குரல்பதிவுகள் அதில்தான் இருந்தன.

அன்று நான் பயப்படவில்லை. வைகாசியில் நீங்கள் எழுதி அனுப்பிய படிகளைப் பார்த்து, கணினியின் முழு அதிகாரமும் தரும் றூட் பாஸ்வேர்டைப் போட்டு, பெக்கப் மென்பொருளை இரண்டிலும் நானே நிறுவியிருந்தேன். கொழும்பு சேர்வருக்குப் பிரதி போய் முடிந்தது என்று தினமும் திரையில் வந்தது.

புதுக் கணினியில் மீட்டபோது அலுவலகக் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதிவுகள் ஒன்றுமே வரவில்லை. ஏழாவது படியில், பதிவுகள் உள்ள கோப்புறையின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கச் சொல்லியிருந்தீர்கள். நான் சின்ன எழுத்தில் அடித்திருக்கிறேன். லினக்ஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள் என்று குறிப்பும் போட்டிருந்தீர்கள். அப்படியொரு கோப்புறையைக் காணவில்லை என்று மென்பொருள் ஏழு மாதமாகத் தன் குறிப்புக் கோப்பில் எழுதியிருக்கிறது. நான் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

நனைந்த கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கொழும்பில் மூன்று இடங்களில் காட்டினோம். போன வியாழன் கடைசி இடமும் கைவிரித்துவிட்டது. பாதுகாப்புக்காக வேறெங்கும் பிரதி வைப்பதில்லை என்று எல்லோருமாகத்தானே முடிவெடுத்தோம்.

என்னோடு வேலை செய்யும் றமீஸா வீடுவீடாகப் போய் மறுபடி பதியத் தொடங்கியிருக்கிறாள். அந்த நாற்பத்தொருவரில் பதின்மூன்று தாய்மார் இப்போது உயிருடன் இல்லை. உங்கள் அம்மாவும் அதில் ஒருவர்.

இன்னொன்று. உங்கள் அப்பா வெள்ளிதோறும் நாவற்குடாவிலிருந்து சைக்கிளில் வந்து அம்மாவின் பதிவைக் கேட்பார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தார். உங்கள் தம்பி உதயரூபனைப் பிடித்துக்கொண்டுபோன அன்று பின்னாலேயே வாசல் படலைவரை ஓடியதை அம்மா சொல்லும் இடத்தில், ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பார். போன வெள்ளியும் வந்தார். கணினி திருத்தக் கொடுத்திருக்கிறது என்றேன்.

"எப்ப வரும் புள்ள? அவட குரல் வீட்டில இல்லையே."

அடுத்த கிழமை என்றேன். மூன்றாவது தடவையாக.

உங்கள் பழைய போன்களில் அம்மா பேசியது எதுவும், ஒரு வார்த்தையாவது, கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள் அண்ணா. இல்லையென்றால் அப்பாவிடம் என்ன சொல்வதென்று எழுதுங்கள். ஆண்டவன் உங்களுக்கும் அப்பாவுக்கும் தாங்கும் பலத்தைத் தரட்டும். வெள்ளிக்கிழமை அவர் வருவார்.

இப்படிக்கு,
உங்கள் முகத்தில் விழிக்க முடியாத
பிரஷாந்தி