கடைசிக்கு முந்தைய வரி

மார்ச் 8, வெள்ளி
துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. திங்கள் காலை பத்து மணிக்கு மின்னஞ்சல் வரும்: ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி என்னைச் சர்ஜரி பயிற்சிக்கு எடுத்ததா, இல்லையா என்று மட்டும். எந்த ஊர் என்பது அடுத்த வெள்ளி, விழாவில், உறைக்குள்.

வகுப்பிலும் வீட்டிலும் கூடவே இருக்கும் நோலனும் நானும் ஜோடியாக விருப்பப் பட்டியல் கொடுத்திருக்கிறோம்; மேலிருந்து பார்த்து, முதலில் பொருந்துகிற வரிதான் இரண்டு பேருக்கும். அவனுக்கு எலும்புப் பிரிவு. முப்பது வரி, எல்லாவற்றிலும் இரண்டு பேருக்கும் ஒரே ஊர். கடைசி இரண்டு மட்டும் வேறு: ஒன்றில் அவனுக்கு மில்வாக்கி, எனக்கு எதுவும் இல்லை. அதற்கடுத்ததில் எனக்கு மில்வாக்கி, அவனுக்கு எதுவும் இல்லை.

அப்பா கேக்குக்குச் சொல்லிவிட்டாராம். "மேல டாக்டர் கேரின்னு எழுதணுமா, டாக்டர் மகாராணின்னு எழுதணுமா?" என்கிறார். சும்மா இருங்களேன் அப்பா!

மார்ச் 11, திங்கள்
எனக்குக் கிடைக்கவில்லை.

அதே நாள், மாலை
நோலனுக்குக் கிடைத்துவிட்டது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. சந்தோஷப்படவும் பயம், மறைக்கவும் தெரியவில்லை பாவம்.

அவன் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கத் தேவையே இல்லை. அவனுக்கு உண்டு, எனக்கு இல்லை என்றால் அது ஒரே வரிதான். மில்வாக்கி. "யாராவது ஒருத்தர் முதல்ல வரணும்ல கேரின், பட்டியல்ல அவ்ளோ கீழ வரைக்கும்லாம் போகாது" என்று பிப்ரவரியில் சொன்னான். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? அந்த இரண்டு வரியையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் இன்றைக்கு அவன் அழுதிருப்பான், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பேன். அப்படித்தானா? அதுவும் தெரியாது. கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 12, செவ்வாய்
ஆள் கிடைக்காத இடங்களின் பட்டியல் வந்திருக்கிறது. நாற்பத்தைந்து இடத்துக்கு விண்ணப்பம் போடலாம், போட்டேன். நாமாக யாரையும் கூப்பிடக் கூடாது, அவர்கள்தான் கூப்பிட வேண்டும். குளிக்கும்போதும் போனைச் சோப்புப் பெட்டி மேல் வைத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். டிராக்டர் உதிரிபாகக் கடையில் இருந்தார், பின்னால் யாரோ போல்ட் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.
"அப்போ நீ டாக்டர் இல்லையா?"
"டாக்டர்தான்பா. வேலை கத்துக்க இடம் இல்ல."
"இது என்னடா கூத்து! நாலு வருஷம் படிக்க வச்சிட்டு, நாற்காலி இல்லம்பாங்களா?"
சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அழுதேன்.

மார்ச் 13, புதன்
இரண்டு அழைப்புகள். ஒன்று ஃபார்கோவிலிருந்து: சர்ஜரி, ஆனால் ஒரு வருடம் மட்டும். "அதுக்கப்புறம் நாங்க எந்த உறுதியும் தர மாட்டோம், முன்கூட்டியே சொல்லிடறேன்" என்றார் பேசிய சர்ஜன் அம்மாள். கறார் குரல், பிடித்திருந்தது. இன்னொன்று மில்வாக்கியில் குடும்ப மருத்துவம், மூன்று வருடம், முழுசாக.

நோலன் என்னைத் தூக்கிச் சுற்றினான். "பாத்தியா! ஒரே ஊரு! ஒரே வீடு!"
"எனக்குச் சர்ஜரிதானே வேணும்."
"ஒரு வருஷம் கழிச்சுத் தெருவுல நிப்ப. யோசிச்சுப் பாருடி."

யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். வீட்டுக்குள் நான் நடந்த நடையில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டார்.

மார்ச் 14, வியாழன்
இடம் ஒதுக்கும் முதல் சுற்றிலேயே ஃபார்கோ, மில்வாக்கி இரண்டும் திரையில் வந்துவிட்டன. முடிவு சொல்ல இரண்டு மணி நேரம். ஒன்றை எடுத்தால் மற்றது போச்சு.

நோலன் காபி போட உள்ளே போனான். மில்வாக்கியை எடுத்தால் தினமும் சாயங்காலம் அவன் வந்து எந்த எலும்பை ஒட்டவைத்தேன் என்று சொல்வான். நான் கேட்பேன். குடும்ப டாக்டர் வேலை நல்ல வேலை. அதை மனசாரச் செய்கிறவர்களுக்குப் போக வேண்டிய இடம் அது. நான் அங்கே போனால் அவன் மேல் கசந்துகொண்டே இருப்பேன். நிச்சயம்.

ஃபார்கோவை அழுத்தினேன்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே நீ?"
"கேட்டா தலையாட்டிடுவேன் நோலன். எனக்கு என்னைத் தெரியும்."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான். காபி அடுப்பில் காய்ந்து கருகியது.

மார்ச் 15, வெள்ளி
விழாவுக்குப் போனேன். அப்பா கேக்கில் 'டாக்டர்' என்று மட்டும் எழுத வைத்திருந்தார். நோலன் இரண்டு துண்டு சாப்பிட்டான், என் கையையும் பிடித்துக்கொண்டான்.

ஜூன் 19
வீடு காலி. அவன் வண்டி கிழக்கே, என் வண்டி வடக்கே. "வாராவாரம் வந்துடறேன்" என்றான். எட்டரை மணி நேர ஓட்டம். வர மாட்டான். ஏன் வர வேண்டும்?

ஜூலை 14
நிற்க நேரமில்லை. கால் வீங்கிவிட்டது. அடுத்த வருடம் என்ன ஆவேன் என்று குளிக்கும்போது மட்டும் பயப்படுகிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு
வியாழக்கிழமை அந்தக் கறார் அம்மாள் ஊசியை என் கையில் கொடுத்தார். குடல்வால் அறுவை; உள்ளே அவர், தோலைத் தைத்து மூடியது முழுக்க நான். முடித்ததும் பார்த்தார். "ம், தையலப் பிரிக்க வேணாம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு என்று நர்ஸ்கள் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். வெள்ளி முழுக்கக் கூட வேலை செய்பவர்களிடம் பீற்றிக்கொண்டேன். நேற்று மளிகைக் கடையில் பில் போடும் பெண்ணிடம்கூடச் சொன்னேன்.

நோலனிடம் சொல்லவே இல்லை என்பது இன்று காலையில்தான் உறைத்தது.