சட்டிக்குள் அடங்காத தென்னை

மாம்புரி
04.02.2012

ஹில்மியின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். புது வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகியும் வளவு மொட்டையாகவே கிடக்கிறது. பக்கத்து வீட்டு றஹ்மத் உம்மா மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும் தந்தார். நடட்டுமா? மன்னாரில் பழைய வளவு துப்புரவாக்கப் போனவருக்கு இதற்குப் பதில் எழுத நேரமிருக்கும்தானே.

ஸுஹைரா

மன்னார்
11.02.2012

அன்புள்ள ஸுஹைராவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. பஸ்கார மஸாஹிரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கன்றுகளைத் தரையில் நடாதே. இங்கே ஒரு வீடு எழும்பியதும் எல்லோரும் வந்துவிடுவோம். தொண்ணூறில் நம்மை இங்கிருந்து விரட்டியபோது முற்றத்து மாதுளையை விட்டுவிட்டு வந்து உம்மா அழுத அழுகை எனக்குப் போதும். எல்லாவற்றையும் சட்டியில் வை, லொறியில் ஏற்றலாம்.

நளீர்

மாம்புரி
25.03.2012

ஹில்மியின் வாப்பாவுக்கு,

ஸலாம். உங்கள் சொற்படியே வைத்தேன். கத்தரி சோற்றுப் பானையில், மிளகாய் தயிர்ச் சட்டிகளில், தக்காளி குளிக்கிற வாளியில். நேற்று உங்கள் தங்கை ஸும்ரா குடும்பத்தோடு வந்தாள். சோறாக்கப் பானை இல்லாமல் பாணும் சம்பலும் கொடுத்தேன். “கறிச்சட்டி எங்க மதினி?” எண்டு கேட்டாள். அதில் வெண்டி காய்க்கிறது என்றேன். எனக்குப் பேய் பிடித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளாம்.

உரத்துக்கு மீன் தலை புதைத்தேன். மாம்புரிப் பூனைகள் முழுக்க நம் வளவில்தான். அவையாவது இங்கேயே இருப்பதென்று முடிவெடுத்துவிட்டன.

றஹ்மத் உம்மா பிறகு தந்த தென்னம்பிள்ளை சட்டிக்குள் அடங்காது. உங்களைக் கேளாமல் தரையில் நட்டுவிட்டேன். மன்னார் நானும் பிறந்த ஊர்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக மூட்டை கட்டத் தயாராக இருந்து எனக்கு அலுத்துவிட்டது. பிடுங்குவதென்றால் நீங்களே வந்து பிடுங்குங்கள்.

ஸுஹைரா

மன்னார்
09.04.2012

அன்புள்ள ஸுஹைராவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கோபத்தில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காணிப் பதிவுக்குப் போய் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் எந்த ஊர் என்று கேட்டார்.

“மாம்புரி” எண்டேன்.

மன்னாரில், மன்னார்க் காணிக்கு நின்றுகொண்டு! நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த மனுஷன் சிரிக்கவில்லை. தானும் இங்கே பிறந்தவர்தானாம், கேட்டால் வாயில் கற்பிட்டி என்றுதான் வருகிறதாம். இரண்டு பேரும் பிளேன்ரீ குடித்தோம்.

இந்த வளவை விற்கமாட்டேன். பெருநாட்களில் எல்லோருமாக வந்து பார்த்துவிட்டுப் போவோம். உனக்குக் குழி வெட்டத் தெரியாது, தென்னைக்கு மூன்றடியாவது வேண்டும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். நானே ஆழமாக வெட்டித் திருப்பி நடுகிறேன்.

நளீர்